காணாத கதிரைக் கண்டவர்

பெரிய ஓட்டல்களில் உணவுத் தட்டுகளுக்கு மேலே விளக்குகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? அவை வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல. உணவு ஆறிப் போகாமல் இருப்பதற்காக. கீழே அடுப்பு இல்லை. விளக்கு உணவைத் தொடவும் இல்லை. பிறகு எப்படிச் சூடு போய்ச் சேருகிறது? அகச்சிவப்புக் கதிர்கள்தான் கொண்டு போகின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்களைக் கண்டுபிடித்தவர் ஓர் இசைக் கலைஞர் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல். 1738 நவம்பர் 15 அன்று ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தை ராணுவ இசைக்குழுவில் வேலை பார்த்தார். வில்லியமும் சிறு வயதிலேயே அதில் சேர்ந்தார். போர் வந்தது. 1757-இல் பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்றார். பாத் என்ற நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பிள்ளைகளுக்கு இசை கற்றுத் தந்தார்.

பகலில் இசை, இரவில் வானம். நட்சத்திரங்களை நன்றாகப் பார்க்க அவருக்குப் பெரிய தொலைநோக்கி தேவைப்பட்டது. விலையோ எட்டாத உயரம். சோர்ந்து உட்காரவில்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி, தாமே ஆடிகளை வார்த்தார். ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் ஆடியைத் தேய்த்தார். தங்கை கரோலின்தான் பக்கத்தில் நின்று உணவை ஊட்டிவிட்டார்!

அந்த உழைப்பு வீண்போகவில்லை. 1781 மார்ச் 13 இரவில் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னும் பெரிய ஆடி செய்ய முயன்றபோது உலை கசிந்தது. உருகிய உலோகம் தரையில் ஓடி, தளக்கற்கள் வெடித்துச் சிதறின. எல்லோரும் ஓடித் தப்பினார்கள். ஆனாலும் அவர் தொலைநோக்கி செய்வதை விடவில்லை. மறு ஆண்டில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை தந்தார். இசையில் கிடைத்த வருமானத்தைவிட அது குறைவு. இருந்தும் வானத்தையே தேர்ந்தெடுத்தார்.

இனி நம் கதிருக்கு வருவோம். ஹெர்ஷல் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்திச் சூரியனை ஆராய்ந்தார். (நீங்கள் சூரியனை நேராகவோ தொலைநோக்கி வழியாகவோ பார்க்கவே கூடாது. கண் பார்வை போய்விடும்.) சில கண்ணாடிகளில் வெளிச்சம் குறைவு, சூடு அதிகம். வேறு சிலவற்றில் வெளிச்சம் அதிகம், சூடு குறைவு. இது ஏன் என்று யோசித்தார்.

1800-ஆம் ஆண்டு சூரிய ஒளியை முப்பட்டகம் வழியே செலுத்தினார். வானவில் நிறங்கள் மேசைமீது விழுந்தன. ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவைவிடப் பச்சையிலும், பச்சையைவிடச் சிவப்பிலும் சூடு கூடியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்திலும் வைத்துப் பார்த்தார். அங்கே வெப்பம் இன்னும் ஏறியது! கண்ணுக்குத் தெரியாத கதிர் அங்கே விழுகிறது என்று புரிந்தது. பிற்காலத்தில் அதற்கு அகச்சிவப்புக் கதிர் என்று பெயர் வந்தது.

ஓட்டல் விளக்கும் இந்தக் கதிர்களைத்தான் பொழிகிறது. காற்றை அவ்வளவாகச் சூடாக்காமல் கடந்து வந்து, உணவின்மீது பட்டதும் அவை வெப்பமாகின்றன. சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் வைத்திருந்தால் நோய்க்கிருமிகள் பெருகாது. ஆனால் கதிர்கள் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அதனால் ஆறிய உணவை இந்த விளக்கால் சூடாக்க முடியாது. சூடான உணவை ஆறாமல் காக்கத்தான் முடியும். ரொம்ப நேரம் வைத்தால் காய்ந்தும் போகும்.

ஹெர்ஷல் 1822 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் மறைந்தார். அவர் கண்ட யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டுகள் ஆகும்!

குழந்தைகளே, அவர் செய்தது என்ன? எல்லோரும் நிறுத்தும் இடத்துக்கு அப்பால் வெப்பமானியை ஓர் அங்குலம் நகர்த்தினார். நீங்களும் விடை கிடைத்துவிட்டது என்று நினைக்கும்போது, இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.