தழும்புகளோடு நடந்த புனிதை

காய்ச்சல் இறங்கிவிட்டது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். பார்க்க வந்த உறவினர்கள் பழங்களைக் கொடுத்து, ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது.

சிக்குன்குனியா, டெங்கு, கொரோனா போன்ற வைரஸ் நோய்களுக்குப் பின் நம்மில் பலர் இத்தகைய நாட்களைச் சந்தித்திருக்கிறோம். நோய் இன்னும் இருக்கிறது என்றால் பிறர் நம்புவதில்லை. நலமாக இருக்கிறேன் என்று சொல்ல நமக்கும் மனம் வருவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் தவிப்பவர்களுக்குத் துணையாகத் திருஅவை நமக்குத் தந்திருக்கும் ஒரு புனிதரை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் புனித கத்தேரி தேக்கக்விதா.

1656ஆம் ஆண்டு, இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரையில் இருந்த ஒசெர்னெனோன் என்ற ஊரில் அவர் பிறந்தார். தந்தை மோஹாக் இனத்தவர். தாய் அல்கோன்குயின் இனத்தைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெண்.

1661ஆம் ஆண்டு தொடங்கி அப்பகுதியில் பெரியம்மை பரவியது. ஐரோப்பியரின் வருகையோடு வந்த இந்த வைரஸ் நோயை எதிர்க்கும் சக்தி அம்மண்ணின் மக்களுக்கு இல்லை. சிறுமியின் தந்தை, தாய், தம்பி மூவரும் இறந்தனர். ஏறக்குறைய நான்கு வயதுச் சிறுமி மட்டும் பிழைத்தாள். பிழைத்தாலும், பெரியம்மை அவளை முழுமையாக விட்டுவிடவில்லை. முகமெங்கும் தழும்புகள். உடலில் பலவீனம். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வை மங்கிவிட்டது. வெளிச்சத்தைக் கண்கள் தாங்கவில்லை. வெளியே வரும்போதெல்லாம் போர்வையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. கைகளை நீட்டித் தடவிக்கொண்டு நடந்தாள். தேக்கக்விதா என்ற பெயருக்குப் பொருட்களில் முட்டிக்கொண்டு நடப்பவள் என்று பொருள் சொல்வோர் உண்டு. நோய் விட்டுச்சென்ற குறையே அவளது பெயராகிவிட்டது!

அந்தப் போர்வைக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்போமா? கண் கூச்சம் மட்டுமா? தாயை இழந்த துயரம், பிறர் பார்வைக்கு அஞ்சும் வெட்கம், தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி... ஒரு குழந்தையின் மனம் இவற்றையெல்லாம் யாரிடம் சொல்லும்? அவள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி வாழ்ந்தாள் என்பதை அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

மாமாவின் குடும்பம் அவளை வளர்த்தது. மங்கிய கண்களோடும் அவள் சும்மா இருக்கவில்லை. பாய் முடையவும், கூடை பின்னவும், தோலாடைகளில் அலங்கார வேலை செய்யவும் கற்றுக்கொண்டாள். தூரத்தில் இருப்பது தெரியாவிட்டால் என்ன? கைக்கெட்டிய தூரத்தில் செய்யக்கூடியதைச் செய்தாள். 1666ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை மோஹாக் ஊர்களை எரித்தபோது, அந்தச் சிறுமியும் தன் மக்களோடு ஊரை இழந்தாள். அடுத்த ஆண்டு ஏற்பட்ட சமாதானத்துக்குப் பின் இயேசு சபை மறைப்பணியாளர்கள் அங்கு வந்தார்கள். மாமாவுக்கோ கிறிஸ்தவம் பிடிக்கவில்லை. எனவே இளம்பெண் தன் ஆவலை மனதுக்குள்ளேயே வைத்திருந்தார்.

1675ஆம் ஆண்டு, காலில் காயம் பட்டதால் அவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. மற்றவர்கள் வயலுக்குப் போயிருந்த நேரத்தில், அருள்தந்தை ஜாக் தெ லாம்பெர்வில் அந்த வீட்டுக்குள் வந்தார். தேக்கக்விதா தன் உள்ளத்தைத் திறந்து, திருமுழுக்குப் பெற விரும்புவதாகச் சொன்னார். நடக்க முடியாத நாளில்தான் அவருக்கு வழி திறந்தது! 1676ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருமுழுக்குப் பெற்று, சியன்னா நகரப் புனித கத்தரீனின் பெயரை ஏற்றார். அப்பெயரே மோஹாக் மொழியில் கத்தேரி ஆனது.

அதன்பின் ஏளனமும் மிரட்டலும் தொடர்ந்தன. ஞாயிறன்று வேலை செய்யாததால் அவருக்கு உணவு மறுக்கப்பட்டது. 1677ஆம் ஆண்டு, துணைக்கு வந்தவர்களோடு, காடும் ஆறும் கடந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, கனடாவில் மொன்ட்ரியால் அருகே இருந்த புனித பிரான்சிஸ் சவேரியார் மறைப்பணித்தளத்தை அடைந்தார். ஒளிக்குக் கூசும் கண்களோடு, பலவீனமான உடலோடு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்!

அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய கொடை, துணை. அவருடைய தாயை அறிந்திருந்த அனஸ்தாசியா என்ற மூத்த பெண் அவரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். மரிய தெரேசா என்ற தோழி கிடைத்தார். அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவில் கத்தேரி முதன்முறையாக நற்கருணை பெற்றார். 1679ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, தன் கன்னிமையை இறைவனுக்கு நேர்ந்தளித்தார்.

அவர் வாழ்வில் நாம் பின்பற்றக் கூடாத ஒன்றும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்கனவே நலிந்திருந்த உடலை அவர் கடுமையான தவ முயற்சிகளால் மேலும் வருத்தினார். முள் பரப்பி அதன்மேல் இரவில் படுத்தார். இதை அறிந்த அருள்தந்தை பியேர் ஷொலெனெக் அவரைக் கண்டித்து, முட்களை நெருப்பில் போடச் சொன்னார். கத்தேரி கீழ்ப்படிந்தார். அன்பர்களே, இது நமக்கும் சொல்லப்பட்டதே! நோய்க்குப் பின் எழ மறுக்கும் உடலைச் சோம்பேறி என்று நாமே திட்டிக்கொள்வதும், ஓய்வெடுக்கும் நேரத்தில் குற்ற உணர்வால் துடிப்பதும், மருந்து சாப்பிடுவதை விசுவாசக் குறைவு என்று நினைப்பதும்கூட முட்படுக்கைதான். அதையும் நெருப்பில் போட்டுவிடலாம்.

காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று அவரது இறுதி மாதங்கள் கழிந்தன. நோயுற்றவர்களை மரப்பட்டையில் கிடத்திக் கோவிலுக்குச் சுமந்து சென்று நற்கருணை கொடுப்பது அங்கு வழக்கம். கத்தேரிக்காக அந்த வழக்கம் மாற்றப்பட்டது. கோவிலுக்கு வர இயலாதவரைத் தேடி ஆண்டவரே அவரது குடிசைக்குச் சென்றார்! 1680ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, புனித வாரத்தின் புதன்கிழமை, இயேசு, மரியா என்ற திருப்பெயர்களை உச்சரித்தபடி, 24ஆம் வயதில் அவர் கண் மூடினார். சிறிது நேரத்தில் முகத்துத் தழும்புகள் மறைந்து, முகம் அழகுற்றதாக அருகிலிருந்த அருள்தந்தை ஷொலெனெக் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் புதுமையை நாம் வியக்கிறோம். ஆனால் அது சில நிமிடங்களில் நடந்தது. அதற்கு முந்திய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தழும்புகள் அப்படியே இருந்தன, கண்களும் தெளியவில்லை. அந்த இருபது ஆண்டுகளில்தான் அவர் புனிதரானார். குணமான பிறகு கடவுளிடம் வரலாம் என்று அவர் காத்திருக்கவில்லை, கடவுளும் காத்திருக்கவில்லை.

1980ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி, பெரியம்மை உலகிலிருந்து ஒழிக்கப்பட்டுவிட்டதை உலக நலவாழ்வு அவை அறிவித்தது. அதே ஆண்டு ஜூன் 22ஆம் தேதி, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கத்தேரியை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அவரைத் தழும்பேற்றிய நோய் இன்று உலகில் இல்லை. அவரோ பீடத்தில் இருக்கிறார்!

நம் பங்கில், நம் அன்பியத்தில், போர்வைக்குள் ஒதுங்கியிருப்பவர் யார்? நோய் போய் மாதங்கள் ஆகியும் திருப்பலிக்கு வராதவர், கூப்பிட்டாலும் பேசாதவர் யார்? இன்னுமா உடம்பு சரியாகவில்லை என்று கேட்காமல், அனஸ்தாசியாவைப் போல் ஒருநாள் அருகில் போய் அமர்வோம். நடக்க இயலாதவருக்கு வீட்டிலேயே நற்கருணை கிடைக்கப் பங்குத்தந்தையிடம் சொல்வோம். மனச்சோர்வில் இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். அந்த நிலையில் இருப்பது நாமே என்றால், தயங்காமல் உதவி கேட்போம்.

தழும்புகளோடு எம்மை ஏற்கும் இறைவா, நோயின் மிச்சத்தைச் சுமந்து வாழும் அனைவருக்கும் புனித கத்தேரியின் பரிந்துரையால் பொறுமையும் நல்ல துணையும் தாரும். ஆமென்.