துரோகி என ஒதுக்கிய இங்கிலாந்து... குருவாகக் கொண்டாடிய ஹங்கேரி: யார் இந்த ஜிம்மி ஹோகன்?

1953 நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள். கால்பந்துக்கு விதிமுறை எழுதிக் கொடுத்த நாடு இங்கிலாந்து. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியில் இருந்து வந்த எந்த அணியிடமும் அதுவரை சொந்த மண்ணில் தோற்றதே கிடையாது. எதிரே ஹங்கேரி.

ஆட்டம் ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஹங்கேரி முதல் கோலை அடித்துவிட்டது. கடைசியில் 6-3. புஷ்காஷ், ஹிடெக்குட்டி எல்லாம் பந்தை வைத்து வித்தை காட்ட, இங்கிலாந்து வீரர்கள் யார் யாரைத் தடுப்பது என்றே தெரியாமல் திணறிப் போனார்கள்.

இவங்களுக்கு இப்படி விளையாடக் கத்துக்கொடுத்தது யாருப்பா என்று இங்கிலாந்தே கேட்டது. ஹங்கேரி கால்பந்து சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச் கைகாட்டியது ஓர் ஆங்கிலேயரை. அவர் பெயர் ஜிம்மி ஹோகன். அன்றைக்கு அவரும் அதே மைதானத்தில்தான் இருந்தார். 71 வயதில், ஆஸ்டன் வில்லா கிளப்பின் இளம் வீரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கேலரியில் உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் இவர்? சொந்த நாட்டுக்குத் தெரியாத ஒருவர், எதிரணிக்கு எப்படி குரு ஆனார்?

மில் தொழிலாளியின் மகன்

1882-ல் வடக்கு இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள நெல்சன் என்ற சிறு ஊரில் பிறந்தார் ஹோகன். ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். அப்பா மில் தொழிலாளி. இளம் வயதில் பாதிரியார் ஆகலாம் என்ற யோசனையும் ஹோகனுக்கு இருந்தது. கடைசியில் ஜெயித்தது கால்பந்துதான்.

பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன் எனப் பல கிளப்புகளில் ஆடினார். சுமாரான, உழைப்பாளி வீரர். ஆனால் ஒரு விஷயத்தில் மற்றவர்களிடம் இருந்து வித்தியாசமானவர். தப்பு நடந்தால், ஏன் நடந்தது என்று கேட்பார்.

பர்ன்லியில் ஆடியபோது நல்ல வாய்ப்பு ஒன்றில் பந்தை கோல் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். கால் வைத்த இடம் தப்பா, உடம்பு சாய்ந்த விதம் தப்பா என்று பயிற்சியாளரிடம் போய்க் கேட்டார். சும்மா அடிச்சுக்கிட்டே இரு, பத்தில் ஒண்ணு உள்ளே போனால் போதும் என்பதுபோல பதில் வந்தது. அந்தப் பதிலை ஹோகனால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். பந்தைக் கண்ணில்கூட காட்ட மாட்டார்கள். வாரம் முழுக்க பந்து கிடைக்காவிட்டால் சனிக்கிழமை மேட்ச்சில் அதற்காகப் பசியோடு ஓடுவார்கள் என்பது கணக்கு. கோச்சிங் என்ற சொல்லே பல வீரர்களுக்கு அவமானம். தொழில்முறை வீரனுக்கு எதற்கு பாடம் என்று கேட்பார்கள்.

10-0 வெற்றியில் பிறந்த ஆசை

போல்டன் அணி ஒருமுறை நெதர்லாந்துக்குச் சுற்றுப்பயணம் போனது. அங்கே டோர்ட்ரெக்ட் அணியை 10-0 என நசுக்கியது. மற்ற வீரர்கள் சிரித்துக்கொண்டே ஊர் திரும்ப, ஹோகனுக்கு மட்டும் வேறு எண்ணம். இவர்களிடம் ஆர்வம் இருக்கிறது, சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. திரும்பி வந்து கற்றுக்கொடுப்பேன் என்று முடிவெடுத்தார்.

சொன்னபடி 1910-ல் போனார். அப்போது வயது 28 கூட முழுசாக ஆகவில்லை. இங்கிலாந்து நடுவர் ஜேம்ஸ் ஹவ்கிராஃப்ட் சிபாரிசில் டோர்ட்ரெக்ட் அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அதே ஆண்டு நெதர்லாந்து தேசிய அணியையும் ஒரு போட்டிக்குத் தயார் செய்தார். அதில் ஜெர்மனியை 2-1 என வென்றது நெதர்லாந்து.

அடுத்து வியன்னா. ஆஸ்திரியக் கால்பந்தின் மூளையாக இருந்தவர் ஹியூகோ மெய்ஸ்ல். நல்ல பயிற்சியாளர் வேண்டும் என அவர் கேட்க, ஹவ்கிராஃப்ட் மறுபடியும் ஹோகன் பெயரைச் சொன்னார். 1912-ல் சில வாரங்கள் ஆஸ்திரிய வீரர்களுக்குப் பயிற்சி. அந்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா, ஜெர்மனியை 5-1 என வீழ்த்தியது. மெய்ஸ்லும் ஹோகனும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

எதிரி நாட்டில் கைதி

1916 ஒலிம்பிக் பெர்லினில் நடப்பதாக இருந்தது. அதற்கு ஆஸ்திரியாவைத் தயார் செய்ய 1914-ல் மனைவி, குழந்தைகளோடு வியன்னாவில் குடியேறினார் ஹோகன். அங்கேதான் கதையே மாறியது.

போர் மேகம் சூழ்ந்தபோது பிரிட்டிஷ் தூதரகத்தில் போய் விசாரித்தார். உடனடி ஆபத்து எதுவும் இல்லை என்றார்கள். அடுத்த சில நாட்களில் முதல் உலகப் போர் வெடித்தது. பிரிட்டனும் ஆஸ்திரியாவும் எதிரெதிர் அணியில். எதிரி நாட்டுக்காரர் என்று ஹோகனைக் கைது செய்தார்கள்.

1915-ல் அமெரிக்கத் தூதரகம் தலையிட்டு மனைவியையும் குழந்தைகளையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தது. ஹோகனை ஜெர்மனியில் உள்ள முகாமுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. கடைசி நேரத்தில் வியன்னாவில் கடை நடத்திவந்த பிளைத் சகோதரர்கள் அவருக்கு ஜாமீன் நின்றார்கள். அவர்கள் வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டு, பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார்.

அப்போது புடாபெஸ்ட்டில் இருந்து ஓர் அழைப்பு. எம்டிகே கிளப்பின் துணைத் தலைவர் பரோன் டிர்ஸ்டாய் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி ஹோகனை அங்கே வரவழைத்தார். போலீஸில் தவறாமல் ஆஜராக வேண்டும் என்பது நிபந்தனை. மற்ற நேரம் கால்பந்து கற்றுக்கொடுக்கலாம்.

எம்டிகே-வின் மூத்த வீரர்கள் பலர் போர்முனையில். அணிக்கு ஆள் வேண்டுமே? ஒருநாள் அங்கோல் பார்க் என்ற பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களைப் பார்த்தார். கையோடு கூட்டிவந்து பயிற்சி கொடுத்தார். அவர்கள்தான் பின்னாளில் ஹங்கேரியின் பெரிய நட்சத்திரங்களான ஜார்ஜ் ஓர்த், யோசெஃப் பிரவுன். யூதரான பிரவுன், இரண்டாம் உலகப் போரின்போது கட்டாய உழைப்புப் படைக்கு அனுப்பப்பட்டு 1943-ல் உயிரிழந்தார்.

1917, 1918 என அடுத்தடுத்து எம்டிகே சாம்பியன். ஹோகன் ஊர் திரும்பிய பிறகும் அவர் போட்ட பாதை மாறவில்லை. 1925 வரை அந்தப் பட்டத்தை எம்டிகே வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஹோகன் அப்படி என்னதான் கற்றுக்கொடுத்தார்?

இன்று பள்ளி மைதானத்தில் சொல்லித்தருகிற விஷயங்கள்தான். பந்தை முதல் தொடுதலிலேயே கட்டுக்குள் கொண்டுவருவது, இரண்டு காலாலும் அடிப்பது, பந்தைத் தூக்கி அடிக்காமல் சக வீரரின் காலுக்குத் தரையோடு பாஸ் கொடுப்பது, கொடுத்ததும் காலி இடத்துக்கு நகர்வது. பயிற்சி முழுக்க பந்தோடுதான். சாப்பாட்டில்கூட கவனம் வேண்டும் என்பார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று இன்றைக்குத் தோன்றலாம். ஆனால் அன்று இதை வகுப்பு எடுப்பதுபோல ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லை.

மூன்று ஜோடி காலுறை

போர் முடிந்து ஹோகன் இங்கிலாந்து திரும்பினார். கையில் காசு இல்லை. போரால் பாதிக்கப்பட்ட வீரர்களுக்குக் கால்பந்து சங்கத்தில் நிதி இருக்கிறது, 200 பவுண்டு வரை கிடைக்கலாம் என்று யாரோ சொல்ல, கடன் வாங்கிக்கொண்டு லண்டன் போனார்.

சங்கத்தின் செயலாளர் ஃபிரெடரிக் வால். அவர் கொடுத்தது பணம் இல்லை, மூன்று ஜோடி காக்கி காலுறை. போர்முனையில் இருந்த பையன்களுக்கு இதுவே பெரிய விஷயமாக இருந்தது என்ற குத்தலும் கூடவே வந்தது. நாடு போரில் இருந்தபோது எதிரி நாட்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவன் நீ என்பதுதான் அதன் அர்த்தம். கைதியாக மாட்டிக்கொண்டவர் அவர் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த அவமானத்தை ஹோகன் கடைசி வரை மறக்கவே இல்லை.

மறுபடியும் ஐரோப்பா. சுவிட்சர்லாந்தில் பயிற்சி, அந்த நாடு 1924 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றதில் பங்கு. மீண்டும் புடாபெஸ்ட். பிறகு ஜெர்மனி.

மேடையில் உடைந்த பலகை

டிரெஸ்டனில் நடந்த ஒரு வகுப்பு ரொம்பப் பிரபலம். ஹோகனுக்கு ஜெர்மன் அரைகுறை. கால்பந்து உடம்பால் மட்டும் ஆடுவது அல்ல, மூளையாலும் ஆடுவது என்று சொல்ல வந்தவர், மூளைக்குப் பதில் கமிட்டி என்று சொல்லிவைத்தார். அரங்கமே சிரித்தது.

உடனே இடைவேளை விட்டார். திரும்பி வந்தபோது பழைய போல்டன் ஜெர்சியில் இருந்தார். ஷூ, காலுறையைக் கழற்றி வைத்துவிட்டு, சுமார் 15 கஜம் தள்ளி இருந்த மரப்பலகையை நோக்கி வெறுங்காலில் பந்தை உதைத்தார். திரும்பி வந்த பந்தை அப்படியே இடது காலால் இன்னொரு உதை. பலகை இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

டிரெஸ்டனில் அவரிடம் பாடம் கற்ற இளைஞர்களில் ஒருவர் ஹெல்முட் ஷோன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930-களில் மெய்ஸ்லோடு மறுபடியும் கைகோத்தார். ஐரோப்பாவே மிரண்ட ஆஸ்திரியாவின் அற்புத அணி அது. 1932 டிசம்பரில் லண்டனுக்கே வந்து இங்கிலாந்திடம் 4-3 என நூலிழையில்தான் தோற்றது. ஹோகன் பயிற்சி கொடுத்த ஆஸ்திரியா 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்றது.

சொந்த ஊரில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

இடையில் 1934-ல் ஃபுல்ஹாம் அவரை மேலாளர் ஆக்கியது. எங்களுக்கு எதுக்கு பாடம் என்று மூத்த வீரர்கள் முரண்டு பிடித்தார்கள். 31 போட்டிதான். குடல்வால் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோதே வேலையை விட்டு நீக்கினார்கள்.

ஆஸ்டன் வில்லா மட்டும் விதிவிலக்கு. இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்திருந்த அணியை 1938-ல் சாம்பியனாக்கி முதல் டிவிஷனுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர். அந்த வாய்ப்பும் முடிந்தது.

இங்கிலாந்திடம் திறமைக்குப் பஞ்சம் இல்லை. விளையாட்டைக் கண்டுபிடித்ததே நாம்தான், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்புதான் தடை. 1953-ல் வெம்ப்ளியில் உடைந்தது அந்த நினைப்புதான். அடுத்த ஆண்டு புடாபெஸ்ட்டில் 7-1 என இன்னும் மோசமாகத் தோற்றது இங்கிலாந்து.

1974 ஜனவரி 30 அன்று பர்ன்லியில் ஹோகன் காலமானார். வயது 91. ஜெர்மன் கால்பந்து சங்கம் அவருடைய மகனுக்கு அனுப்பிய இரங்கல் கடிதத்தில், தங்கள் நாட்டின் நவீனக் கால்பந்துக்கு அடித்தளம் போட்டவர் என அவரைக் குறிப்பிட்டது.

அதே ஆண்டு ஜூலையில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர், டிரெஸ்டனில் ஹோகனிடம் பாடம் கற்ற அதே ஹெல்முட் ஷோன். இங்கிலாந்து அந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவே இல்லை.