நான்கு நட்சத்திரங்கள் கைநழுவியும் நாலாவது முறை வென்ற ஹாரி ரைட்

அமெரிக்காவில் பேஸ்பால் என்றால் பைத்தியம். நம் நாட்டில் கிரிக்கெட்டுக்கு எத்தனை மவுசோ, அத்தனை மவுசு அங்கே அந்த ஆட்டத்துக்கு. பக்கத்துக்கு 9 பேர். ஒரு பந்து, உருண்டையான ஒரு மட்டை. பந்தை அடித்துவிட்டு, மைதானத்தின் நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஒரு ரன்.

இன்று அந்த ஆட்டக்காரர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் ஆடுவதற்குக் காசு வாங்குவது கேவலம் என்று அங்கே நினைத்தார்கள். வாங்கியவர்கள் மேஜைக்கு அடியில் கைநீட்டி வாங்கினார்கள்.

அந்தத் திரையைக் கிழித்து, ஆட்டமும் ஒரு தொழில்தான், அதை நாணயமாகச் செய்யலாம் என்று காட்டியவர் ஹாரி ரைட். வேடிக்கை என்னவென்றால், அவர் அமெரிக்காவில் பிறந்தவரும் அல்ல; பேஸ்பாலில் வளர்ந்தவரும் அல்ல. அவர் ஓர் இங்கிலாந்துக்காரர், கிரிக்கெட் வீரர்!

கிரிக்கெட் வீட்டுப் பிள்ளை

1835-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி, இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிறந்தார். தந்தை சாமுவேல் ரைட் கிரிக்கெட் வீரர். ஹாரி சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. நியூயார்க்கில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் சங்கத்தில் சாமுவேலுக்கு வேலை. ஆடுவார், ஆடுகளத்தையும் பராமரிப்பார்.

குடும்பத்தில் வசதி இல்லை. ஹாரி சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு நகைப் பட்டறையில் வேலை பழகினார். பிறகு அப்பாவின் சங்கத்திலேயே கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்கினார். 1847-ல் பிறந்த தம்பி ஜார்ஜும் அதே மைதானத்தில்தான் தவழ்ந்தான்.

அந்தக் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்திலேயே பேஸ்பாலும் ஆடுவார்கள். வேடிக்கை பார்த்த ஹாரிக்கு அதில் ஆசை வந்தது. 1858-ல் நிக்கர்பாக்கர் என்ற பேஸ்பால் சங்கத்தில் சேர்ந்தார். ஆனாலும் சோறு போட்டது கிரிக்கெட்தான். 1865-ல் சின்சினாட்டி நகரத்துக் கிரிக்கெட் சங்கம் ஆண்டுக்கு 1,200 டாலர் சம்பளம் பேசி அவரை அழைத்துக்கொண்டது.

உள்நாட்டுப் போர் முடிந்திருந்த நேரம் அது. ஊர் ஊராகப் பேஸ்பால் மோகம் பரவியது. சின்சினாட்டியிலும் அப்படியே. கிரிக்கெட் சொல்லிக்கொடுக்க வந்தவரை 1867-ல் பேஸ்பால் சங்கம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

பூங்காவில் ஒரு குமாஸ்தா!

அன்றைய விதிப்படி யாரும் காசு வாங்கி ஆடக்கூடாது. ஆனால் நல்ல ஆட்டக்காரனை எந்தச் சங்கம் விடும்? பெயருக்கு ஒரு வேலை கொடுத்து, சம்பளத்தை அந்தக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

தம்பி ஜார்ஜ் 1867-ல் வாஷிங்டன் நகர அணியில் ஆடினார். பதிவில் அவர் ஒரு குமாஸ்தா. வேலை பார்க்கும் இடம் என்று ஒரு முகவரியும் தந்திருந்தார்கள். அந்த முகவரியில் போய்ப் பார்த்தால் அலுவலகம் இல்லை. பொதுமக்கள் உலாவும் பூங்காதான் இருந்தது!

இந்தப் பொய்க் கணக்கோடு சூதாட்டமும் சேர்ந்தது. ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டுகிறவர்கள் ஆட்டக்காரர்களுக்கே பணம் கொடுத்துத் தோற்கச் சொல்வார்கள். ரகசியமாகக் காசு வாங்கிப் பழகியவனுக்கு இது மட்டும் எப்படித் தவறாகத் தோன்றும்?

1869-ல் விதி மாறியது. சம்பளம் வாங்கி ஆடலாம் என்று சங்கங்களின் கூட்டமைப்பு ஒப்புக்கொண்டது. ஹாரி உடனே ஓர் அணியைக் கட்டினார். 10 பேர். அத்தனை பேருக்கும் பகிரங்கமான சம்பளம். தம்பி ஜார்ஜுக்கு 1,400 டாலர். தலைவரான அண்ணனுக்கு 1,200தான்! மாற்று ஆட்டக்காரருக்கு 600. மொத்தம் 9,300 டாலர். மார்ச் நடுவில் இருந்து நவம்பர் நடு வரை ஒப்பந்தம்.

நீள்கால்சட்டை போட்டு ஆடிய காலத்தில், ஹாரியின் ஆட்கள் முழங்கால் வரை கால்சட்டையும் அதற்குக் கீழே பளிச்சென்ற சிவப்புக் காலுறையும் அணிந்தார்கள். அதனால் ரெட் ஸ்டாக்கிங்ஸ், அதாவது சிவப்புக் காலுறையினர் என்று பெயர் வந்தது.

தோல்வி காணாத ஆண்டு

அணியில் ஒழுங்கு கண்டிப்பு. ஆட்டத்துக்கு முன் பயிற்சி கட்டாயம். ஒருவர் பந்தைப் பிடிக்க ஓடினால், தவறினால் எடுக்க இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். இன்றைக்கு இது சாதாரணம். அன்றைக்குப் புதுமை. கையுறை கிடையாது. வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும். இதிலும் ஹாரியின் கிரிக்கெட் அனுபவம் கைகொடுத்தது.

அந்த ஆண்டு மே 10-ந் தேதிதான் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. செப்டம்பரில் ஹாரியின் அணி அந்தப் பாதையில் பயணம் செய்து கலிபோர்னியாவில் ஆடியது. அதற்குமுன் ஜூனில் வாஷிங்டன் போய் ஜனாதிபதி கிராண்டையும் சந்தித்திருந்தார்கள். அந்த ஓர் ஆண்டில் ரயிலும் படகுமாக அவர்கள் சென்ற தூரம் ஏறக்குறைய 12 ஆயிரம் மைல். ஆட்டம் பார்த்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர்.

சங்கங்களுக்கு எதிரான 57 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. டிராய் நகர அணியுடன் மட்டும் 17-க்கு 17 என்று சமமாக இருந்தபோது, எதிரணியினர் ஒரு தகராறைச் சாக்கிட்டுப் பாதியில் வெளியேறினார்கள். அவர்கள்மீது பெரும் பணம் கட்டியிருந்தவர்களைக் காப்பாற்றவே இந்த நாடகம் என்று ஊர் பேசியது.

வரவு 29,726 டாலர். செலவு 29,724 டாலர் சொச்சம். ஆண்டு முடிவில் லாபம் 1 டாலர் 39 சென்ட்! வெற்றி வேறு, வருமானம் வேறு என்பதை ஹாரி அப்போதே கண்டார்.

1870-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி புரூக்ளினில் அட்லாண்டிக் அணியுடன் ஆட்டம். 9 சுற்றுகள் முடிந்தபோது 5-க்கு 5. எதிரணி சமநிலை போதும் என்றது. ஹாரி சம்மதிக்கவில்லை. விதிப்படி ஆட்டம் தொடர வேண்டும் என்றார். தொடர்ந்தது. 11-வது சுற்றில் 8-க்கு 7 என்று ஹாரியின் அணி தோற்றது. சமநிலையை ஏற்றிருந்தால் தோல்வியில்லாப் பெயர் நிலைத்திருக்கும். விதியை நீட்டியவரே விதிக்குப் பலியானார்.

அது முதல் தோல்விதான். ஆனால் கூட்டம் குறைந்தது. அந்த ஆண்டு இறுதியில், இனிச் சம்பளம் தர முடியாது என்று சின்சினாட்டி சங்கம் கைவிரித்தது.

பாஸ்டனில் புது வாழ்வு

பாஸ்டன் நகரம் ஹாரியை அழைத்தது. தம்பி ஜார்ஜையும் வேறு இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். சிவப்புக் காலுறையும் பெயரும்கூட அவர்களோடு போய்விட்டன. ராக்போர்டு என்ற ஊர் அணியில் இருந்து ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற இளம் பந்து வீச்சாளரையும், ராஸ் பார்ன்ஸ் என்ற ஆட்டக்காரரையும் பேசிச் சேர்த்தார்.

1871-ல் தொழில்முறை அணிகளுக்கென்று தனிப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு ஜார்ஜுக்குக் காலில் அடிபட்டது. பட்டம் பிலடெல்பியாவுக்குப் போயிற்று. அடுத்து 1872, 1873, 1874 என்று மூன்று ஆண்டுகளும் பாஸ்டனே சாம்பியன். 1874-ல் தன் அணியோடு பிலடெல்பியா அணியையும் சேர்த்து இங்கிலாந்துக்கே கூட்டிப்போனார். பேஸ்பால் ஆடிக் காட்டினார்கள். இடையிடையே கிரிக்கெட்டும் ஆடினார்கள்.

பிறகு வந்தது 1875. ஹாரியின் வாழ்க்கையில் மிகப் பெரிய வெற்றியும் மிகப் பெரிய அடியும் ஒன்றாக வந்த ஆண்டு அது.

இடி விழுந்த ஜூலை

தொடக்கமே அமர்க்களம். 26 வெற்றிகளுக்குப் பிறகுதான், ஜூன் மாதம் செயின்ட் லூயியில் முதல் தோல்வி. ஸ்பால்டிங் வீசுகிறார், ஜேம்ஸ் ஒயிட் மட்டைக்குப் பின்னால் நின்று பிடிக்கிறார், பார்ன்சும் மெக்வேயும் அடித்து நொறுக்குகிறார்கள். அணியின் தூண்கள் இந்த நால்வரும்தான்.

ஜூலையில் ஒரு செய்தி கசிந்தது. அடுத்த ஆண்டு சிகாகோவுக்கு ஆடுவதாக அந்த நால்வருமே ஒப்பந்தம் செய்துவிட்டார்கள்!

வேலையைச் செய்தவர் சிகாகோ அணியின் வில்லியம் ஹல்பர்ட். ஸ்பால்டிங் இளமையில் ஆடி வளர்ந்தது சிகாகோவை அடுத்த ராக்போர்டில். அந்தப் பாசத்தைத் தொட்டுப் பேசினார். கூடுதல் சம்பளமும் தலைமைப் பதவியும் காட்டினார். ஆண்டு முடியும் முன்பே அடுத்த அணியுடன் ஒப்பந்தம் போடுவது விதிக்கு விரோதம். ஆனாலும் கையெழுத்து விழுந்துவிட்டது.

பாஸ்டன் கொதித்தது. தெருவில் போனால் சிறுவர்கள்கூட அந்த நால்வரையும் பழித்தார்கள். மெக்வே 1869-ல் சின்சினாட்டியில் ஹாரியின் கீழ் ஆடியவர். ஸ்பால்டிங் ஹாரியிடம் வரும்போது 20 வயதுப் பையன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது போல்தான்.

இன்னொரு தலைவராக இருந்தால் நால்வரையும் அன்றே விலக்கி வைத்திருப்பார். அல்லது இனி இவர்கள் மனம்வைத்து ஆடுவார்களா என்று சந்தேகப்பட்டே அணியைக் கெடுத்திருப்பார். ஹாரி இரண்டையும் செய்யவில்லை. அந்த ஆண்டுக்குச் சம்பளம் பேசியாகிவிட்டது. அந்த ஆண்டு முழுவதும் ஆட வேண்டியது அவர்கள் கடமை. ஆட வைக்க வேண்டியது அவர் கடமை. நால்வரையும் வழக்கமான இடத்திலேயே நிறுத்தினார்.

அவர்களும் வஞ்சகம் செய்யவில்லை. ஆண்டு முடிவில் பாஸ்டன் கணக்கு: 71 வெற்றி, 8 தோல்வி. சொந்த மைதானத்தில் வென்றவை 37. தோற்றது ஒன்றுகூட இல்லை. தொடர்ந்து நான்காவது முறை சாம்பியன்.

ஆட்டம் ஒரு தொழில் என்று உலகுக்குக் காட்டியவர் ஹாரி. தொழில் என்றால் கூலி கூடுதலாகத் தருகிற இடத்துக்கு ஆள் போகத்தான் செய்வான். சின்சினாட்டியை விட்டு ஹாரியும் வந்தார்; ராக்போர்டில் இருந்து அவரும் ஆள் எடுத்தார். அதே கத்தி இப்போது அவரை வெட்டியது. ஆனால் கூலி வாங்கியவன் கடைசி நாள் வரை நேர்மையாக உழைப்பான் என்று அவர் நம்பினாரே, அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. 71 வெற்றிகளைவிடப் பெரிய வெற்றி அதுதான்.

மீண்டும் எழுந்தார்

1876 பிப்ரவரியில் ஹல்பர்ட் முன்னின்று நேஷனல் லீக் என்ற புதிய அமைப்பை உருவாக்கினார். பாஸ்டனும் சேர்ந்தது. முதல் ஆண்டு, எதிர்பார்த்தபடியே சிகாகோ சாம்பியன். பாஸ்டனுக்கு நான்காவது இடம்.

ஹாரி சோரவில்லை. புது ஆட்களைத் தயார் செய்தார். சிகாகோ போன ஒயிட், 1877-ல் பாஸ்டனுக்கே திரும்பினார். அந்த ஆண்டும் 1878-லும் பாஸ்டன் மறுபடி சாம்பியன்.

1879-ல் இன்னொரு சோதனை. தம்பி ஜார்ஜ் பிராவிடன்ஸ் அணிக்குத் தலைவராகப் போய்விட்டார். அந்த ஆண்டு பட்டம் பிராவிடன்சுக்கு. இரண்டாம் இடம் பாஸ்டனுக்கு. அண்ணனைத் தம்பியே முந்திவிட்டார்.

1881-க்குப் பிறகு ஹாரி பாஸ்டனை விட்டார். பிராவிடன்சில் இரண்டு ஆண்டுகள். பிறகு பிலடெல்பியாவில் பத்து ஆண்டுகள். 1883-ல் 17 ஆட்டமே வென்று 81 ஆட்டங்களில் தோற்றிருந்த அணி அது. அதை 1887-ல் இரண்டாம் இடத்துக்கு உயர்த்தினார். சாம்பியன் பட்டம் மட்டும் மறுபடி கிட்டவே இல்லை. 1890-ல் கண் நோய் கண்டு சில காலம் பார்வையே போயிற்று. தேறி வந்து மீண்டும் மைதானத்தில் நின்றார்.

1893-ல் பிலடெல்பியா அவரை விடுவித்தது. அவர் நேர்மையை அறிந்த நேஷனல் லீக், நடுவர்களுக்குத் தலைவர் என்று ஒரு பதவியை அவருக்காகவே ஏற்படுத்தியது.

1895-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி அட்லாண்டிக் சிட்டியில் ஹாரி ரைட் காலமானார். வயது 60. மறு ஆண்டு ஏப்ரலில் பல ஊர்களில் அவர் பெயரால் ஆட்டங்கள் நடத்தி, நினைவுச் சின்னத்துக்கு நிதி திரட்டினார்கள்.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் தம்பி ஜார்ஜுக்கு 1937-லேயே இடம் கிடைத்தது. அண்ணனுக்கு 1953-ல்தான் கிடைத்தது. ஹாரி 1871-ல் வளர்க்கத் தொடங்கிய பாஸ்டன் அணி, அதே 1953-ல் ஊரை விட்டு மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்தது. பின்னர் 1966-ல் அட்லாண்டாவுக்குப் போய், பிரேவ்ஸ் என்ற பெயரில் ஆடி வருகிறது.

அணி ஊர் மாறியது, பெயர் மாறியது. சம்பளம் வாங்கி ஆடுகிறவனும் நாணயஸ்தனாக இருக்கலாம் என்று ஹாரி ரைட் போட்டுக் கொடுத்த பாதை மட்டும் மாறவில்லை.