ஓட்டு இல்லாதவங்களுக்கும் உறுப்பினர்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயரைக் கேட்காதவர் நம்மில் இருக்க மாட்டோம். மாசமாக இருக்கும்போது கிராம சுகாதார நர்ஸ் அம்மாவிடம் பதிவு செய்து வாங்கினோமே மகப்பேறு நிதியுதவி, அந்தத் திட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் தெரியும். ஆள் யார் என்று கேட்டால், பிரசவம் பார்த்த பெரிய டாக்டர் என்று சொல்லி நிறுத்திக் கொள்வோம். பிரசவம் பார்த்தவர்தான். ஆனால் அவர் சட்டசபையில் உட்கார்ந்து செய்த வேலை அதைவிடப் பெரிசு. நம்மை மாதிரி நாலு பேருக்குப் பிரதிநிதியாக இருக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய கதை அது.

1886-ம் வருஷம் ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பம். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டு கட்டி விடுகிற பழக்கம் இருந்தது. பொட்டு கட்டிய பெண்ணுக்கு ஊரறிந்த கல்யாணம் கிடையாது, குடும்பம் கிடையாது. பாட்டும் ஆட்டமும் படித்த பெண்களை ஊரே ரசிக்கும். ஆனால் அவர்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் மதிக்காது. அம்மா வழியில் அந்தப் பேச்சும் ஏச்சும் எப்படி இருக்கும் என்று சின்ன வயசிலேயே தெரிந்து வளர்ந்தவர் முத்துலட்சுமி.

வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்று போனது. அப்பா வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். தனியாகப் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து காலேஜில் சேர மனு போட்டபோது பெரிய எதிர்ப்பு. ஆண்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்று சில பெற்றோர்கள் சத்தம் போட்டார்கள். புதுக்கோட்டை ராஜா தலையிட்டு இடம் கொடுத்தார். மகாராஜா கல்லூரியில் படித்த முதல் பெண் இவர்தான்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அறுவை சிகிச்சைப் பாடம் நடத்திய வெள்ளைக்காரப் பேராசிரியர் பெண்களைத் தன் வகுப்பில் உட்கார விடுவதில்லை. அந்தப் பாடத்திலேயே முத்துலட்சுமி முதல் மார்க் வாங்கினார். அதற்குப் பிறகு அவரே தன் பழக்கத்தை மாற்றிக் கொண்டு பெண்களையும் வகுப்பில் சேர்த்தார். 1912-ல் பட்டம் வாங்கினார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்து கொண்டார். தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும், தான் நினைத்ததைச் செய்யத் தடை சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசி, அவர் ஒத்துக்கொண்ட பிறகு நடந்த கல்யாணம். 1925-ல் பெண்கள், குழந்தைகள் வியாதிகளைப் பற்றி மேல்படிப்பு படிக்க இங்கிலாந்து போனார்.

இப்போ சட்டசபைக் கதைக்கு வருவோம்.

அந்தக் காலத்தில் ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. சொத்து இருக்கணும், வரி கட்டணும். 1921-ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கும் ஓட்டுரிமை வந்தது. ஆனால் சொத்து எந்தப் பெண் பெயரில் இருந்தது? அதனால் ஓட்டுள்ள பெண்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். 1926-ல் பெண்கள் சட்டசபை உறுப்பினராகலாம் என்று ஆனது. அந்த வருஷம் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய கொஞ்ச ஓட்டில் தோற்றுப் போனார். அப்போ இந்திய மாதர் சங்கத்தார் முத்துலட்சுமி பெயரைச் சொல்லி, நியமன உறுப்பினராகப் போட வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். வைத்தியத் தொழில் கெட்டுப் போகுமே என்று அவருக்கு முதலில் தயக்கம். பிறகு ஒத்துக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் உறுப்பினராகப் போன முதல் பெண் அவர்தான். சபை கூடியதும் அவரையே துணைத் தலைவராக எல்லாரும் சேர்ந்து ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள் சகோதரிகளே. அவருக்குத் தொகுதி என்று எதுவும் கிடையாது. யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோம் என்ற பயமும் இல்லை. யாரையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்து விட்டு வந்திருக்கலாம். ஆனால் அவர் ஓட்டு இல்லாத பெண்கள் எல்லாரையும் தன் தொகுதியாக எடுத்துக் கொண்டார். மாதர் சங்கத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள் இருந்தன. பெண்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். அந்தச் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் பத்திரிகையில் இவரும் எழுதினார், பின்னால் ஆசிரியராகவும் இருந்தார். கல்வி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போட்ட ஹார்டாக் கமிட்டியிலும் உறுப்பினராக இருந்தார்.

1927-ல் பெண்பிள்ளைகளுக்குப் பொட்டு கட்டுவதை நிறுத்த வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டு வந்தார். சபை ஏற்றுக் கொண்டது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. நம்ம குழுவில் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதெல்லாம் நடந்து விடுகிறதா என்ன?

தீர்மானம் வந்ததும் இரண்டு பக்கமும் பேச்சு கிளம்பியது. இது கோயில் சம்பிரதாயம், கைவைக்கக் கூடாது என்றார்கள் சிலர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்ற பெரியவர்களே எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கமாகக் கூடி எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் ஒரே மாதிரி கெட்டவர்கள் என்று சொல்லாதீர்கள், எங்கள் கலையும் பிழைப்பும் போய்விடும், எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுங்கள் என்பது அவர்கள் பக்கம். அதே குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள், இந்தப் பழக்கம் ஒழியவே வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். நம்ம பிள்ளைகள் காலேஜுக்குப் போக மாசம் 1,000 ரூபாய் வருகிறதே, அந்தத் திட்டத்துக்கு வைத்திருப்பது அந்த அம்மா பெயர்தான்.

இதில் நமக்கு நல்லாப் புரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் நிலம். கோயிலில் சேவை செய்கிற பெண்களுக்கு இனாம் நிலம் விட்டிருந்தார்கள். சேவை செய்கிற வரைக்கும்தான் அந்த நிலத்தை அனுபவிக்கலாம். சேவை நின்றால் நிலமும் போகும். அப்போ ஒரு தாய் என்ன செய்வாள்? தனக்கு வயசானதும் நிலம் கை விட்டுப் போகாமல் இருக்க மகளுக்குப் பொட்டு கட்டுவாள். மகளை விட்டால் சோறு போகும், சோற்றை நினைத்தால் மகள் வாழ்க்கை போகும். சம்பிரதாயம் என்று வெளியில் சொன்னாலும், உள்ளுக்குள் கட்டிப் போட்டிருந்த கயிறு அந்த நிலம்தான். இதைப் புரிந்து கொள்ளாமல் பொட்டு கட்டினால் தண்டனை என்று மட்டும் சட்டம் போட்டிருந்தால், அந்தத் தாய் நடுத்தெருவுக்கு வந்திருப்பாள்.

முத்துலட்சுமி முதலில் அந்தக் கயிற்றை அறுத்தார். அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டு வந்து 1929-ல் நிறைவேற்றினார். அதன்படி கோயில் சேவை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் நீங்கி, நிலம் அந்தப் பெண்களிடமே நின்றது. மகளுக்குப் பொட்டு கட்டித்தான் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலைமை இல்லை. ஒரு பெண் பெயரில் பட்டா இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது பொட்டு கட்டுவதையே குற்றமாக்குகிற மசோதா. 1930-ல் அதைக் கொண்டு வந்தார். உடனே ஓட்டெடுப்புக்கு விடாமல், பொதுமக்கள் கருத்தைக் கேட்டு வர மசோதாவைச் சுற்றுக்கு விட்டார்கள். நாலு பேரைக் கேட்டு முடிவு செய்வது நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு சங்கடமும் உண்டு. யாருக்கு எழுதத் தெரியுமோ, யாருக்குச் சங்கம் இருக்கிறதோ, அவர்கள் கருத்துதான் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும். ஏழு வயசு, எட்டு வயசுப் பிள்ளை மனு எழுதுமா? பொட்டு வேண்டாம் என்று அது யாரிடம் சொல்லும்?

அந்த வருஷமே உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. காந்தியைக் கைது செய்தார்கள். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தன் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். கொண்டு வந்தவர் சபையில் இல்லை என்றதும் மசோதா கிடப்பில் விழுந்தது.

பதவி போனாலும் வேலை நிற்கவில்லை. பொட்டுக்குத் தப்பி வந்த பெண்பிள்ளைகள் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். இந்தக் குலத்துப் பிள்ளை என்றதும் சேர்க்க மறுத்தார்கள். தன் வீட்டிலேயே வைத்துக் கொண்டார். அப்படி ஆரம்பித்ததுதான் ஔவை இல்லம். இன்றைக்கும் சென்னை அடையாறில் இருக்கிறது. மனு எழுதத் தெரியாத பிள்ளைகள் நேரில் வந்து சொன்ன கருத்து அது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கருத்தைக் கேட்க ஒரு வாசல் திறந்திருந்தது.

பொட்டு கட்டுவதைத் தடுக்கும் சட்டம் கடைசியில் 1947-ல்தான் வந்தது. முதல் தீர்மானம் போட்டு 20 வருஷம். தீர்மானம் போட்ட அன்றைக்குப் பிறந்த குழந்தை, சட்டம் வந்தபோது கைக்குழந்தையோடு நிற்கிற வயசு. நடுவில் எத்தனை பிள்ளைகள் கழுத்தில் பொட்டு ஏறியதோ. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சட்டம் நல்லதுதான், ஆனால் அந்தக் கலையை வளர்த்த பெண்களுக்கு மாற்றுப் பிழைப்பு சரியாக அமையவில்லை, எதிர்ப்பு மனு கொடுத்த பெண்கள் பேச்சையும் இன்னும் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்று பிற்காலத்தில் படித்தவர்கள் குறை சொல்வதுண்டு. அதையும் ஒதுக்கி விட முடியாது. நல்லது செய்யப் போகிறவர்களும் எதிர்த்துப் பேசுகிறவர்களிடம் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கணும்.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. தங்கை சுந்தராம்பாள் புற்றுநோயில் இறந்தது அவர் மனசை விட்டுப் போகவே இல்லை. புற்றுநோய்க்கு என்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று வருஷக்கணக்கில் அலைந்தார். 1952-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கையோடு ஆரம்பித்தது. ஏழை பாழை என்று பார்க்காமல் வைத்தியம் செய்கிற அந்த இடத்துக்கு நம்ம பக்கத்திலிருந்து போய் வந்தவர்கள் உண்டு. 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, 82 வயசு நிறைய ஒரு வாரம் இருக்கும்போது காலமானார்.

சகோதரிகளே, நாம் சட்டசபைக்குப் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவிலிருந்தும் பிரதிநிதி கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போகிறார். எந்தக் குழுவுக்கு முதலில் கடன், வட்டி எவ்வளவு, யாருக்குத் தொழில் பயிற்சி என்று அங்கே முடிவாகிறது. அங்கே பிரதிநிதி தூக்குகிற கை ஒருத்தி கை இல்லை, 12 பேர், 15 பேர் கை. அதனால் போவதற்கு முன்னாடி வாரக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லணும். எப்பவும் பேசுகிற இரண்டு பேரை மட்டும் கேட்டால் போதாது. ஓரத்தில் உட்கார்ந்து சேமிப்புப் பணத்தைக் கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து போகிற அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கணும். வேண்டாம் என்கிறவள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று கேட்கணும். அவளுக்கும் அந்த இனாம் நிலம் மாதிரி வெளியே சொல்ல முடியாத ஒரு முடிச்சு இருக்கலாம். தவணை கட்ட முடியாத பயமாக இருக்கும், வீட்டுக்காரர் கோபமாக இருக்கும். அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு முடிவு எடுத்தால் அந்த முடிவு நிலைக்கும்.

உறுப்பினர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. கேட்கும்போது வாயைத் திறக்கணும். கிராமசபைக் கூட்டம் நடக்கிறது என்று அறிவிப்பு வந்தால், வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் போய் உட்காரணும். தீர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடணும். நம் பாட்டிமார் காலத்தில் கருத்துக் கேட்டு மசோதா ஊர் சுற்றியபோது, அதைப் படிக்கவும் பதில் எழுதவும் அவர்களில் எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்? இன்றைக்கு நமக்குக் கையெழுத்து இருக்கிறது, குழு இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது. அடுத்த வாரக் கூட்டத்தில் கடன் மனுக்களை எடுப்பதற்கு முன்னால், இதுவரை பேசாத ஒருத்தரைப் பேச வைத்துப் பார்ப்போம்.