கல்வெட்டுகளை அச்சேற்றிய ரைஸ் துரை

மைசூர் ராஜ்யத்தின் கல்வெட்டுகளைத் தேடித் தொகுத்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1837-ம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். தந்தையார் லண்டன் மிஷனைச் சேர்ந்த பாதிரியார். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1860-ல் பெங்களூர் திரும்பிய ரைஸ், பிற்காலத்தில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பள்ளிக்குத் தலைமை ஏற்றார். பிறகு பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆனார்.

பள்ளிகளைப் பார்வையிடக் கிராமம் கிராமமாகச் சென்றபோது, கோயில்களிலும் வயல்களிலும் எழுத்துப் பொறித்த கற்கள் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டார். மேஜர் டிக்சன் எடுத்திருந்த கல்வெட்டுப் புகைப்படங்களைப் படித்து மொழிபெயர்க்கும் வேலையும் அவரிடம் வந்தது. அதன் பலனாக 1879-ல் மைசூர்க் கல்வெட்டுகள் பற்றிய அவரது முதல் நூல் வெளிவந்தது.

1885-ல் மைசூர் அரசு தொடங்கிய தொல்லியல் துறை அவர் பொறுப்பில் விடப்பட்டது. சுமார் 9,000 கல்வெட்டுகளும் செப்பேடுகளும் படி எடுக்கப்பட்டு, 'எபிகிராபியா கர்நாடிகா' என்ற பெயரில் 12 தொகுதிகளாக அச்சாயின. படி எடுத்துப் பெட்டியில் பூட்டி வைக்காமல், மூல வாசகத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே வெளியிட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். கல் இருக்கும் ஊருக்குப் போக வசதியில்லாதவரும் அதைப் படிக்க வழி பிறந்தது.

இதில் தமிழர்களுக்கும் பெரும் பங்கு உண்டு. 1905-ல் வெளிவந்த பெங்களூர், கோலார் ஜில்லாத் தொகுதிகளில் ஏராளமான தமிழ்க் கல்வெட்டுகள் இடம்பெற்றன. தொம்மலூர் சொக்கப்பெருமாள் கோயில், கோலாரம்மா கோயில் கல்வெட்டுகள் அவற்றுள் சில. சோழர் காலம் தொட்டே இப்பகுதியில் தமிழ் வழங்கியதற்கு அவை சாட்சி.

1906-ல் ஓய்வு பெற்ற ரைஸ், 1927-ல் இங்கிலாந்தில் காலமானார். கன்னட மக்கள் அவரைச் சாசனப் பிதாமகர் என்று போற்றுகின்றனர்.

அவர் பதிவு செய்த கற்களில் பல, நகரம் வளர்ந்தபோது ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் பலியாகிவிட்டன. அவற்றின் வாசகம் புத்தகத்தில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மைசூரில் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. படிகள் எந்த ஊரில் இருந்தாலும், அச்சாகி மக்கள் கைக்கு வந்தால்தான் பயன். அதற்கு வழிகாட்டியவர் ரைஸ்.