பேராசிரியர் கைலாசபதி: பாட்டிலே வரலாறு கண்டவர்

கொல்லிமலையின் அடிவாரச் சமவெளியில் வாழும் நாம், வல்வில் ஓரியின் பெயரை அறியாதவர் அல்லோம். வன்பரணரும் கழைதின் யானையாரும் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அப்பாடல்கள் எத்தகைய சமுதாயத்தில் தோன்றின? அவற்றை வளர்த்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதைத் தம் ஆய்வாகக் கொண்ட பெரியார் ஒருவரை நம் இளைஞர் அறிதல் வேண்டும். அவரே ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி.

1933இல் கோலாலம்பூரில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பயின்று, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1959இல் தினகரன் நாளிதழின் ஆசிரியரானார். ஒடுக்கப்பட்ட குடிகளில் தோன்றிய கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோரின் எழுத்து வளர்ச்சிக்குத் துணை நின்றார். அவர் நம் குடியில் பிறந்தவர் அல்லர். எனினும் தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தின் பக்கமே நின்றார்.

பின்னர் இங்கிலாந்து சென்று, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டுதலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டார். சங்கப் பாடல்களை ஹோமரின் காப்பியங்களோடு ஒப்புநோக்கினார். திரும்பத் திரும்ப வரும் தொடர்களையும் கருப்பொருள்களையும் ஆராய்ந்து, அவை வாய்மொழி மரபில் எழுந்தவை என்றும், வீரயுகச் சமுதாயத்தின் வெளிப்பாடு என்றும் நிறுவ முயன்றார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தால் ஆங்கில நூலாக வெளியிடப்பட்டது. சங்கச் செய்யுள் கற்றறிந்த புலவரின் ஆக்கமே எனக் கருதியோர் அம்முடிவை மறுத்தனர். அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை.

இவ்வாய்வு நமக்கு ஏன் வேண்டும்? மன்னரை மட்டுமன்றிப் பாணர், பொருநர், விறலியர் ஆகியோரையும் அது வரலாற்றின் நடுவில் நிறுத்திற்று. யாழ் மீட்டியோரும் பறை முழக்கியோரும் புறநானூற்றில் மதிப்புடன் பேசப்படுகின்றனர். பிற்காலத்தில் அத்தகையோர் தாழ்த்தப்பட்டனர். ஆதலின் தாழ்வு இயற்கையன்று, காலத்தால் சுமத்தப்பட்டது. சுமத்தப்பட்டதை இறக்கி வைக்கவும் இயலும். இதனை வெறும் பெருமிதத்தால் நிலைநாட்ட முடியாது; சான்றுகளால் மட்டுமே நிலைநாட்ட முடியும்.

1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்ற கைலாசபதி, 1982 டிசம்பர் 6ஆம் நாள், 49ஆம் அகவையில் மறைந்தார். ஒப்பியல் இலக்கியம், தமிழ் நாவல் இலக்கியம் முதலிய நூல்கள் அவர் உழைப்பின் விளைவுகளாகும்.

இவ்வெள்ளிவிழா நாளில் நம் இளைஞரை நாம் வேண்டுவது ஒன்றுண்டு. பட்டமும் பணியும் பெறுவதோடு நில்லாதீர். ஏடுகளையும் கல்வெட்டுகளையும் நாடுங்கள். நம் முதியோர் பாடும் ஒப்பாரியையும் கும்மியையும் எழுதி வையுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவர் எனக் காத்திராமல், ஆய்ந்தறிந்து நாமே எழுதுவோமாக!