ஓசைக்கு எழுத்துத் தந்தவர்: சுப்பராம தீட்சிதர்

நுழையும்முன்

மொழிக்கு எழுத்து உண்டு. எனவே, பேசியவர் மறைந்தாலும் அவர் சொல் நிலைத்து நிற்கிறது. இசைக்கோ நெடுங்காலம் பாடுபவரின் நினைவே ஏடாக இருந்தது. நினைவு மங்கினால் பாடலும் மங்கியது. குடும்பச் செல்வமாகக் காக்கப்பட்ட இசையை எழுத்தில் வடித்து, அனைவர்க்கும் உரியதாக்கிய பெருமகனார் ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் வளர்ப்பும்

சுப்பராம தீட்சிதர் 1839ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். பெற்றோர் சிவராம ஐயர், அன்னபூரணி அம்மையார். இயற்பெயர் பாலசுப்பிரமணியன். கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர், அன்னபூரணி அம்மையாரின் தந்தை ஆவார். தமக்கு ஆண்மகவு இல்லாமையால் பாலுசாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரனையே மகனாக ஏற்றுக்கொண்டார். பேரன் மகனானான், மகன் மாணவனானான்.

பாலுசாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவையில் இசைவாணராக விளங்கியவர். இளமையில் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று, அக்கருவியை நம் இசைக்கு ஏற்றதாக மாற்றிய முன்னோடி அவர். அயல்நாட்டுக் கருவியின் உடலைப் பெற்று, அதில் நம் இசையின் உயிரை இசைத்துக் காட்டினார். இந்நிகழ்வு நினைவில் கொள்ளத்தக்கது. பின்னாளில் சுப்பராம தீட்சிதர் ஆற்றிய பெரும்பணியும் இதே வழியில் அமைந்தது.

எட்டயபுரத்து அரசவை

எட்டயபுரத்தில் வளர்ந்த சுப்பராமர், பாலுசாமி தீட்சிதரிடம் வாய்ப்பாட்டும் வீணையும் கற்றார். வடமொழி, தெலுங்கு ஆகியவற்றில் புலமை பெற்றார். பதினேழாம் வயதில் தர்பார் இராகத்தில் வர்ணம் ஒன்றை இயற்றி அரசர் முன் பாடினார். இத்துணை இளையவரால் இவ்வளவு நுட்பமான பாடலை இயற்ற இயலுமா என்னும் ஐயம் அவையில் எழுந்தது. அரசர் யமுனாகல்யாணி இராகத்தில் ஜதீஸ்வரம் ஒன்றை அமைத்துக் காட்டுமாறு பணித்தார் என்றும், இளைஞர் அதனை முடித்துக்காட்டிப் பரிசு பெற்றார் என்றும் கூறுவர். பாலுசாமி தீட்சிதரின் மறைவுக்குப் பின் அரசவை இசைவாணர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. திருநெல்வேலி காந்திமதி அம்மையைப் போற்றிக் கல்யாணி இராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது.

நினைவே ஏடாக இருந்த காலம்

முத்துசாமி தீட்சிதர் தம் வாழ்வின் இறுதியில் எட்டயபுரம் வந்து, 1835ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். சுப்பராமர் பிறப்பதற்கு நான்காண்டுகள் முன்பே அக்குரல் ஓய்ந்துவிட்டது. எனவே, தம் பெரிய பாட்டனாரின் பாடல்களை அவர் பாடச் சுப்பராமர் கேட்டதில்லை. பாலுசாமி தீட்சிதர் என்னும் ஒரு நினைவின் வழியாகவே அவை அவரை வந்தடைந்தன. அந்த ஒரு கண்ணி அறுந்திருப்பின் எத்தனையோ பாடல்கள் அன்றே அழிந்திருக்கும்.

அக்காலத்தில் ஓலைச்சுவடியிலும் தாளிலும் பாடலின் சொற்களை எழுதிவைத்தனர். இராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் குறித்தனர். சிற்சில இடங்களில் சுரங்களையும் எழுதினர். ஆனால், ஒரு சுரத்தை எவ்வாறு அசைக்க வேண்டும், எங்கே வழுக்கிச் செல்ல வேண்டும், எவ்விடத்தில் அழுத்த வேண்டும் என்பன ஆசிரியரின் குரலிலும் விரலிலும் மட்டுமே இருந்தன. இவ்வசைவுகளையே இசையுலகம் கமகம் என்கிறது. கமகம் இல்லாத இராகம் உயிரற்ற உடலுக்கு ஒப்பாகும். ஆக, எழுதத்தக்கது எழுதப்பட்டது. உயிரானது எழுதப்படாமல் நின்றது.

சின்னசாமி முதலியாரின் வருகை

இந்நிலையை எண்ணிக் கவலைகொண்டவர் சென்னையில் வாழ்ந்த அ. மு. சின்னசாமி முதலியார். முதுகலைப் பட்டம் பெற்றவர். சென்னை அரசுச் செயலகத்தில் உயர்பொறுப்பு வகித்தவர். கிறித்தவ சமயத்தைச் சார்ந்தவர். மேலை இசையை முறையாக அறிந்தவர். நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதினால் உலகத்தார் அனைவரும் படிப்பர் என்று அவர் எண்ணினார். வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து தியாகராசரின் பாடல்களைப் பெற்று, 1892ஆம் ஆண்டு முதல் கீழை இசையை மேலைக் குறியீட்டில் தரும் வெளியீடு ஒன்றை நடத்தினார்.

முத்துசாமி தீட்சிதரின் பாடல்களைத் தேடியபோது அவர் எட்டயபுரத்தை நாடினார். அங்கே பாடல்கள் மட்டுமல்லாமல், எழுபத்திரண்டு மேளங்களை வகுத்த வேங்கடமகியின் மரபைச் சார்ந்த இலக்கணச் சுவடிகளும் கீதங்களும் சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதை அறிந்தார். அவற்றை உலகறியச் செய்ய வேண்டும் என்று இடைவிடாது வேண்டினார்.

முதலியார் எடுத்த பணி எளியதன்று. ஐந்து கோடுகளின்மேல் சிறு சிறு புள்ளிகளை இடம் மாறாமல் அமைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் பலமுறை பிழைதிருத்த வேண்டும். இப்பணியில் அவருடைய பொருள் கரைந்தது, கண்ணொளியும் மங்கியது. தம் மரபில் பிறவாத ஒருவர் தம் மரபுக்காகக் கண்ணை இழந்து நிற்பதைத் தீட்சிதர் கண்டார்.

தயக்கமும் தெளிவும்

தீட்சிதர் தொடக்கத்தில் தயங்கினார். அத்தயக்கத்தைக் குறுகிய மனம் என்று நாம் எண்ணுதல் தகாது. அக்காலத்தில் குடும்பத்தின் கலைச்செல்வம் ஆசிரியர் முன் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பயின்ற மாணவர்க்கே உரியது. அச்சில் ஏறிய பாடலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிழைபடப் பாடலாம். பிழையான பாடம் பரவுவதைவிடப் பாடம் பரவாமலிருப்பதே நன்று என்று எண்ணுவோர் அன்று பலர்.

ஆயினும், மற்றோர் உண்மையும் அவர்முன் நின்றது. அவருக்கு அகவை அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. எட்டயபுரம் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு வந்த முதலியார், நூலை வெளியிட மன்னரே துணைநிற்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். மன்னர் ஜெகவீரராம வேங்கடேசுவர எட்டப்பர் இசைந்தார். தீட்சிதரும் முழுமனத்துடன் பணியைத் தொடங்கினார். பிழைபடப் பாடுவர் என்னும் அச்சத்திற்கு அவர் கண்ட விடை, மறைத்துவைத்தல் அன்று. பிழைக்கு இடமில்லாதவாறு எழுதுதல்.

அசைவுக்கு ஒரு குறி

ஐரோப்பியக் குறியீடு சுரங்களை நிலையான புள்ளிகளாகக் காட்டுவது. நம் இசையில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அண்டையிலுள்ள சுரத்தைத் தொட்டும் தழுவியும் இயங்குகிறது. ஆகவே, தீட்சிதர் ஸ, ரி, க, ம, ப, த, நி என்னும் சுர எழுத்துகளையே அடிப்படையாகக் கொண்டார். குறில் எழுத்து ஓர் அளவையும் நெடில் எழுத்து அதன் இருமடங்கையும் குறித்தன. மேலே இடப்பட்ட கோடு காலத்தைப் பாதியாக்கியது. மேற்புள்ளி மேல் தாயியையும் கீழ்ப்புள்ளி கீழ்த் தாயியையும் உணர்த்தின.

இவற்றோடு கமகங்களுக்கெனத் தனிக்குறிகளை எழுத்தின்மேல் அமைத்தார். வீணையின் மெட்டில் விரலை வைத்து நரம்பை அசைப்பது கம்பிதம், அதற்கு நெளிகோடு. ஒரு சுரத்திலிருந்து மேலே வழுக்கிச் செல்வது ஏற்ற ஜாரு. அதற்கு ஏறும் சாய்கோடு. கீழே இறங்குவது இறக்க ஜாரு. அதற்கு இறங்கும் சாய்கோடு. ஒரே மெட்டில் நின்று நரம்பை இழுத்து அடுத்த சுரத்தை எழுப்புவது ஒடுக்கல். அதற்குப் பெருக்கல் குறி. இவ்வாறு விரல் அறிந்த செயல் ஒவ்வொன்றும் கண் அறியும் வடிவம் பெற்றது.

எழுதிவைத்துப் பாடும் வழக்கத்தை மேலைநாட்டிலிருந்து பெற்று, அதில் நம் இசையின் அசைவை வைத்தார் தீட்சிதர். பாலுசாமி தீட்சிதர் வயலினில் செய்ததை அவர் மைந்தர் தாளில் செய்தார்.

அச்சுக்கோப்பின் அருமை

அந்நாளில் அச்சிடுதல் என்பது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோத்தலாகும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியிருக்கும். உரைநடை நூலுக்கு ஒரு வரிசை போதும். இசைநூலுக்கோ சுர எழுத்து, அதன்மேல் காலக்கோடு, தாயிப்புள்ளி, கமகக்குறி, இடையே தாளக்குறி, கீழே பாடலின் சொல் என ஒன்றன்கீழ் ஒன்று பொருந்தி நிற்க வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் சுரம் தாயி மாறும். ஒரு கோடு விடுபட்டால் தாளம் பிறழும். இசை அறியாத அச்சுக்கோப்பாளரின் கையும், அச்சுத்தொழில் அறியாத இசைவாணரின் கண்ணும் ஒன்றுபட்டு உழைத்தாலன்றி இது கைகூடாது. அறுபது கடந்த தீட்சிதர் இவ்வுழைப்பை மேற்கொண்டார்.

சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி

1904ஆம் ஆண்டு எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சகத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ வெளிவந்தது. இசைநூல்கள் தெலுங்கு எழுத்தில் வழங்கிய காலமாதலின் இந்நூலும் அவ்வெழுத்திலேயே அமைந்தது. ஏறத்தாழ 1700 பக்கங்கள் கொண்டது. எழுபத்திரண்டு இராகாங்க இராகங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின்கீழும் இராக இலக்கணம், கீதம், கீர்த்தனை, சஞ்சாரி ஆகியவற்றைத் தருகிறது. முத்துசாமி தீட்சிதரின் 200க்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் சுரக்குறிப்புடன் இடம்பெற்றுள்ளன. கடிகை மூக்குப் புலவரின் தமிழ்ப் பாடல்களும் பாலுசாமி தீட்சிதர் அமைத்த இசையுடன் சேர்க்கப்பட்டுள்ளன. இசைவாணர் 70க்கும் மேற்பட்டோரின் வரலாறும் உண்டு.

பெருநூலோடு தீட்சிதர் நிற்கவில்லை. மறு ஆண்டே, இசை பயிலத் தொடங்குவோர்க்கான முதற்பயிற்சி நூல் ஒன்றை வெளியிட்டார். அறிஞர்க்கு ஒரு நூல், தொடக்கநிலை மாணவர்க்கு ஒரு நூல் என இருநிலையினர்க்கும் வழங்கிய பின்னர், 1906ஆம் ஆண்டு நவம்பரில் இயற்கை எய்தினார். எட்டயபுரம் ஈன்ற பெருமகனாரான பாரதியார் அவர் மறைவுக்கு வருந்தி இரங்கற்பா இயற்றினார். சென்னை மியூசிக் அகாதெமி 1961ஆம் ஆண்டு தொடங்கி இந்நூலைத் தமிழில் பல தொகுதிகளாக வெளியிட்டது.

கணினிக் காலத்தில்

இன்று இசைக்குறியீட்டு மென்பொருள்கள் பல உள்ளன. ஒரு சுரத்தை இடையில் சேர்த்தால் வரி முழுவதும் தானே ஒழுங்குபடுகிறது. எழுதியதை உடனே ஒலிக்கச்செய்து கேட்கலாம். ஒரு நொடியில் சுருதியை மாற்றலாம். முதலியாரின் கண்ணை வாட்டிய வேலையைத் திரை எளிதாக்கிவிட்டது. ஆயினும், இம்மென்பொருள்களுள் பெரும்பாலானவை ஐந்து கோடுகளையும் நிலையான புள்ளிகளையும் கருதி உருவானவை. நெளிந்தும் வழுக்கியும் செல்லும் சுரத்தை எவ்வாறு எழுதுவது என்னும் வினா, ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் நம் இசைவாணர்முன் மீண்டும் எழுகிறது. கருவி எழுதும் வேகத்தைத் தரும். எதை எழுத வேண்டும் என்னும் அறிவைக் கேட்டுப் பழகிய செவியே தரும்.

சுப்பராம தீட்சிதரும் குறியீடு ஆசிரியருக்கு மாற்று என்று கருதி எழுதவில்லை. ஆசிரியர் இல்லாத இடத்திலும் பாடல் பிழையின்றி வாழ வேண்டும் என்றே எழுதினார். தம்மிடம் மட்டும் இருந்ததைத் தமக்குப் பின் அனைவரிடமும் இருக்கச் செய்தார். கொடுத்ததால் அச்செல்வம் குறையவில்லை. கொடுத்ததால்தான் அது எஞ்சியது.

தெரிந்து தெளிவோம்

தீட்சிதர் குறிப்பிடும் கமகங்களுள் நொக்கு, ஒடுக்கல், ஒரிக்கை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு முதலியன வீணை வாசிப்பில் வழங்கிய பெயர்கள். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்தியாகதம் முதலியன வடமொழிப் பெயர்கள். இலக்கண நூலின் சொல்லும் கலைஞரின் வழக்குச் சொல்லும் இந்நூலில் அருகருகே இடம்பெற்றுள்ளன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் தாலாட்டு அல்லது நடவுப்பாட்டு ஒன்றைக் கேட்டு, குரல் ஏறும் இடங்களையும் இறங்கும் இடங்களையும் நீங்களே அமைத்த குறிகளால் எழுதுக. அதனைப் பார்த்து மற்றொருவர் பாட இயலுகிறதா எனச் சோதித்தறிக.

2. எழுத்தில் பதியாமல் ஒருவர் நினைவில் மட்டும் வாழும் கலை அல்லது தொழில்நுட்பம் ஒன்றைக் கண்டறிந்து, அதனைப் பதிவுசெய்யும் வழிமுறைகள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.